12 நாளில் உடைந்த தற்காலிகப் பல் பிரிட்ஜ்: அடுத்ததைக் கையில் செய்வதா, மில் செய்வதா, பிரிண்ட் எடுப்பதா?

#1 கடைவாய்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தோல்வியைக் கொட்டிவிட்டு யோசனை கேட்கலாம் என்று வந்திருக்கிறேன்.

கீழ்த்தாடை, இடப்பக்கம். இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் முதல் கடைவாய்ப் பல்லும் இல்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பற்களைத் தாங்குபல்லாக வைத்து நான்கு யூனிட் (நான்கு பல் சேர்ந்த) பிரிட்ஜ். பின்பக்கத் தாங்குபல்லில் ஈறு அறுவை செய்திருக்கிறேன். ஈறு ஆறி ஓர் இடத்தில் நிலைக்க மூன்று மாதமாவது வேண்டும், அதுவரைக்கும் தற்காலிக பிரிட்ஜ். வழக்கம்போல மெழுகு மாதிரியிலிருந்து பட்டி இன்டெக்ஸ் (ரப்பர் அச்சு) எடுத்து, கார்ட்ரிட்ஜில் வரும் பிஸ்-அக்ரில் ரெசினை அதில் நிரப்பி வாயிலேயே செய்தேன். பாலிஷ் செய்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

12-ஆம் நாள் இரண்டு துண்டையும் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார் நோயாளி. "எதையும் கடிக்கவில்லை டாக்டர். சும்மா வாயை மூடினேன், டக்கென்று சத்தம்." பின்தாங்குபல்லுக்கு முன்னால் இருக்கும் இணைப்பில் பிளந்திருந்தது.

இப்போதைக்கு ஃப்ளோவபிள் காம்போசிட் (பல் அடைக்கும் இளகிய ரெசின்) வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரம் தாங்கினால் பெரிது. புதிதாகச் செய்தாக வேண்டும். லேபில் ரெசின் வட்டிலிருந்து குடைந்தெடுக்கும் மில்லிங்கும் இருக்கிறது, 3டி பிரிண்டரும் இருக்கிறது. பிரிண்ட் ரெசினின் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் மெகாபாஸ்கல் எண் (வளைத்தால் எவ்வளவு தாங்கும் என்ற அளவு), மில்லிங் வட்டின் எண்ணைவிட அதிகமாக இருக்கிறது. அப்படியானால் பிரிண்ட்தானே உறுதி? யாராவது குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள்.

#2 மெழுகுக்கத்தி

டாக்டர், மெட்டீரியல் கதை அப்புறம். உடைந்த இணைப்பின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? கேஜ் வைத்து அளந்து சொல்லுங்கள். லேபுக்கு உடைந்து வருகிற தற்காலிக பிரிட்ஜில் முக்கால்வாசி இந்த ஒரு அளவிலேயே பிடிபட்டுவிடும்.

#3 கடைவாய்

அளந்தேன். உயரம் 2.8 மில்லிமீட்டர், அகலம் 3.5. மேல்பல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, அதனால் இடம் குறைவு. ஈறுப் பக்கம் பிரஷ் நுழைய வேண்டுமே என்று கீழேயும் கொஞ்சம் தேய்த்துவிட்டேன்.

#4 மெழுகுக்கத்தி

2.8-ஆ! நான்கு யூனிட்டுக்கா! 12 நாள் நின்றதே பெரிய விஷயம்.

#5 பாதிடாக்டர்

பீஜி இரண்டாம் ஆண்டு மாணவன். இதே தலைப்பில்தான் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜை இரண்டு முனையிலும் தாங்கிய ஒரு சட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கடி விழும்போது மேல்பக்கம் நசுங்கும், ஈறுப் பக்கம் இழுபடும். பிளாஸ்டிக் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் விரிசல் எப்போதும் இணைப்பின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போகிறது. இந்தச் சட்டம் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அகலத்துக்கு நேர் விகிதம், உயரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். விறைப்பு என்றால் உயரத்தின் கனத்துக்கு (முப்படிக்கு) நேர் விகிதம்.

சாருடைய அளவையே வைத்துப் பார்ப்போம். 2.8 பெருக்கல் 3.5, ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர். இதை 14 ஆக்க இரண்டு வழி இருக்கிறது. அகலத்தை 5 ஆக்கலாம், அல்லது உயரத்தை 4 ஆக்கலாம். இரண்டிலும் பரப்பு அதே 14தான். ஆனால் அகலத்தைக் கூட்டினால் தாங்கும் சுமை 1.4 மடங்கு, உயரத்தைக் கூட்டினால் 2 மடங்கு. விறைப்போ கிட்டத்தட்ட 3 மடங்கு. "இணைப்புக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர்" என்று தாளில் போட்டிருப்பதை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இன்னொரு பக்கம் நீளம். சட்டம் எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் கனத்தைப் பொறுத்தது. ஒரு பான்டிக் (இல்லாத பல்லின் இடத்தில் தொங்கும் பல்) இருக்கும் இடத்தில் இரண்டு வைத்தால் வளைவு 8 மடங்கு. மூன்று யூனிட்டில் பழகிய கை, அதே இணைப்பை நான்கு யூனிட்டிலும் வைத்துவிடுகிறது. சாரைச் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

#6 லேயர்பைத்தியம்

கணக்கெல்லாம் சரி தம்பி, கேள்விக்குப் பதில் வரவில்லையே. என் ஓட்டு பிரிண்டுக்கு. டிசைன் ஃபைல் ஒன்று இருந்தால் போதும், உடைந்தால் அதே ஃபைலை அனுப்பி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஓட்டத்தில் இரண்டாக எடுத்து ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ளலாம். மில்லிங்கில் வட்டில் பாதி தூளாகப் போகிறது. இன்றைக்கு வருகிற ரெசின்கள் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் காட்டுகின்றன. கையால் ஊற்றும் காலம் போய்விட்டது.

#7 மெழுகுக்கத்தி

லேயர் சார், நானும் பிரிண்டர் வைத்திருக்கிறேன், தினமும் ஓடுகிறது. அதனால்தான் சொல்கிறேன். பிரிண்டரிலிருந்து இறங்கும் பிரிட்ஜ் பாதி வெந்த பொருள். அதை எப்படிக் கழுவுகிறோம், எப்படிக் காய வைக்கிறோம், எவ்வளவு நேரம் ஒளியில் வைக்கிறோம் என்பதில்தான் மீதி உறுதி வருகிறது.

போன வருஷம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன், கழுவுவதற்காக ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் போட்ட ஐந்தாறு யூனிட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் எடுத்தால் மேற்பரப்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்திருந்தது. இரண்டு விரலால் வளைத்தேன், கையோடு வந்தது. ஒளியில் வைத்து இறுக்கினாலும் சரியாகவில்லை. அதே ரெசின், அதே பிரிண்டர், அதே ஃபைல்.

இன்னொன்று, பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுவது. இந்த ரெசினில் கண்ணாடித் தூள் கலந்திருக்கும், அது அடியில் படியும். இரண்டு நாள் நின்ற பாட்டிலில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே சரக்கு இல்லை. விளம்பரத் தாளில் உள்ள எண், நன்றாகக் குலுக்கிய பாட்டிலின் எண்.

#8 லேயர்பைத்தியம்

அது மெட்டீரியல் குற்றமா, பையன் குற்றமா? மில்லிங்கிலும்தான் தேய்ந்த பர் (குடையும் முனை) போட்டால் விளிம்பு உடையும்.

#9 மெழுகுக்கத்தி

பையன் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் கையில் வருவது பையன் செய்த பிரிட்ஜ்தானே. விளம்பரத் தாள் வருவதில்லையே.

#10 பாதிடாக்டர்

இரண்டு பேர் சொல்வதும் சரி. எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொன்னால் சண்டை கொஞ்சம் குறையும்.

ஐஎஸ்ஓ 10477 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் 25 மில்லிமீட்டர் நீளம், 2 அகலம், 2 உயரம் உள்ள சின்னக் குச்சியைச் செய்து, 37 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் தாங்கி, நடுவில் அழுத்தி உடைப்பார்கள். 2004 பதிப்பில் கேட்ட குறைந்தபட்சம் 50 மெகாபாஸ்கல். ஏறக்குறைய எல்லா மெட்டீரியலும் அதைத் தாண்டும். நான் படித்த கட்டுரைகளில், பொடியும் திரவமும் கலந்து தானாக இறுகும் அக்ரிலிக் பெரும்பாலும் 60 முதல் 80-க்குள் நிற்கிறது, பிஸ்-அக்ரில் அதற்குக் கொஞ்சம் மேலே. மில்லிங் வட்டு 100-ஐ ஒட்டியோ தாண்டியோ போகிறது. பிரிண்ட் ரெசின் மட்டும் ஒரு கட்டுரையில் கடைசியில் இருக்கிறது, இன்னொன்றில் முதலில் இருக்கிறது. ஏன் என்பதற்கான பதிலை அண்ணன் #7-லேயே சொல்லிவிட்டார்.

மில்லிங் வட்டு ஏன் நிலையாக இருக்கிறது? ரசாயனத்தில் அது தாத்தா காலத்து அக்ரிலிக்தான், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். ஆனால் தொழிற்சாலையில் சூட்டிலும் அழுத்தத்திலும் நிதானமாக இறுகியது. காற்றுக்குமிழ் கிட்டத்தட்ட கிடையாது, மிச்ச மோனோமர் (இறுகாமல் நிற்கும் மூலச் சரக்கு) மிகக் குறைவு. கையில் கலக்கும் அக்ரிலிக்கில் மிச்ச மோனோமர் 3 முதல் 5 சதவீதம் வரை நிற்கும். அது உள்ளே இருக்கும் வரை பொருளை இளக்கியே வைத்திருக்கும். வட்டில் இறுகும் வேலை முடிந்துவிட்டதால் நாம் கெடுக்க அதிகம் மிச்சமில்லை. குடைகிறோம், அவ்வளவுதான்.

பிரிண்ட் அப்படியில்லை. 50 அல்லது 100 மைக்ரான் அடுக்குகளாக ஒளியில் இறுகுகிறது. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதோடு ஒட்டியாக வேண்டும். பிரிட்ஜை எந்தக் கோணத்தில் நிறுத்தி எடுத்தோம் என்பதைப் பொறுத்து, கடியின் இழுப்பு அடுக்குகளின் நீளவாக்கில் போகும், அல்லது அடுக்குகளைப் பிரிக்கிற திசையில் போகும். எந்தக் கோணம் நல்லது என்பதில் ஆய்வுகளே ஒன்றுபோலச் சொல்வதில்லை, ரெசினைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் பிரிண்ட் ஆகும்போது முட்டுக்கொடுக்கும் தாங்குகுச்சிகளை இணைப்பின் அடியில் வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டி எடுத்த இடத்தில் சின்னப் பள்ளம் நிற்கும். இழுப்பு அதிகமாக விழும் இடத்தில் நாமே விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்த மாதிரி.

#11 கேள்விக்குறி

மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை, நோயாளி. எனக்கும் இதே போல ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். நான் எதையும் கடிக்காமல் இருந்தாலும் உடையுமா? உடைந்தால் வீட்டில் இருக்கும் சூப்பர் கம் வைத்து ஒட்டிக்கொள்ளலாமா?

#12 பழையகை

அம்மா/ஐயா, சூப்பர் கம் வேண்டவே வேண்டாம். கோணலாக ஒட்டினால் கடி மாறும், பசை ஈறில் படும், அப்புறம் டாக்டரால் திருத்தவும் முடியாது. துண்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். விழுங்கிவிடாமல் முதலில் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கழன்று வந்தாலோ ஆடினாலோ வலி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். தாங்குபல் நகர்ந்துவிட்டால் நிரந்தரமானது உட்காராது.

கடிக்காமல் இருந்தாலும் உடையுமா என்றால், உடையும். தம்பி விளக்குவார்.

#13 பாதிடாக்டர்

ஆமாம். தற்காலிக பிரிட்ஜ் ஒரே கடியில் உடைவது அபூர்வம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அந்தக் களைப்புதான் இதுவும். சின்ன விரிசல் ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சம் நீளும், கடைசியில் சும்மா வாயை மூடும்போது முடிந்துவிடும்.

மெல்லும் இயந்திரத்தில் சோதிப்பவர்கள் 50 நியூட்டன் அளவில் 12 லட்சம் கடியை ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு 2,40,000. அந்தக் கணக்கில் கடைவாய் சாரின் பிரிட்ஜ் 12 நாளில் சுமார் 8,000 கடி பார்த்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு 60,000 வேண்டும். இரவில் பல் நறநறப்பவர் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. கடைவாயில் முழுப் பலத்தோடு கடித்தால் 500 நியூட்டன் தாண்டுவது சாதாரணம்.

ஒருநாள் ஊறிய குச்சியை ஒரே தடவை அழுத்தி உடைத்த எண், இந்த 60,000-ஐப் பற்றி எதுவும் சொல்லாது. 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கி எடுத்த பிறகு எவ்வளவு மிச்சம் என்று போட்டிருக்கும் அட்டவணையைத்தான் நான் முதலில் தேடுவேன். தண்ணீரை உறிஞ்சிய பிறகு எல்லா ரெசினும் இறங்கும், யார் எவ்வளவு இறங்குகிறார்கள் என்பதில்தான் போட்டி.

#14 பழையகை

எல்லோரும் பொடி-திரவ அக்ரிலிக்கைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள், அதற்காக ஒரு வார்த்தை. எண்ணில் அது கடைசிதான். ஆனால் பிஸ்-அக்ரில் சங்கிலிகள் குறுக்கே கோத்துக்கொண்டவை, விறைப்பாக நிற்கும், ஒடிந்தால் சட்டென்று ஒடியும். பழைய அக்ரிலிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உடைந்தாலும் அதே பொடியும் திரவமும் வைத்தால் பழையதோடு ஒன்றாகக் கரைந்து பிடிக்கும். மார்ஜின் (விளிம்பு) குறைந்தால் உள்ளே புதிதாக ஊற்றி ரீலைன் செய்யலாம். ஈறு மாறிக்கொண்டே இருக்கும் கேஸில் இது பெரிய சௌகரியம்.

குறை இல்லாமல் இல்லை. நாற்றம், சூடு, சுருக்கம். வாயிலேயே முழுதாக இறுக விட்டால் பல்லின் கூழ் வெந்துவிடும். ரப்பர் மாதிரி இருக்கும்போது எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பிரஷர் பாத்திரத்தில் போட்டுவிடுவேன். அழுத்தத்தில் இறுகினால் நுண்துளை நன்றாகக் குறைகிறது. செலவில்லாத வேலை, ஆனால் இப்போது யாரும் செய்வதில்லை.

நீண்ட இடைவெளி என்றால் கண்ணாடி நார் வைக்கிறேன். வைக்கிற பலர் அதை நடுவில் வைக்கிறார்கள். நடுவில் இழுப்பும் இல்லை நசுக்கலும் இல்லை, அங்கே நாருக்கு என்ன வேலை? இணைப்பின் அடிப்பக்கத்தை ஒட்டி, மேலே ஒரு மெல்லிய ரெசின் மூடியிருக்கும்படி வைக்க வேண்டும். நாரை ரெசினில் நன்றாக நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த நார் வலுவைக் கூட்டாது, உள்ளே ஒரு பொந்தைத்தான் உண்டாக்கும். சாதாரண உலோகக் கம்பியும் வைத்திருக்கிறேன். அக்ரிலிக் அதோடு ஒட்டாது, விரிசல் கம்பியைச் சுற்றிப் போகும். ஆனால் உடைந்தாலும் துண்டு கீழே விழாமல் தொங்கும், அவ்வளவு லாபம்.

இன்னொரு கேள்வி, கடைவாய். எந்த சிமென்டில் ஒட்டினீர்கள்? யூஜெனால் (கிராம்பு எண்ணெய்ச் சரக்கு) உள்ளதா? யூஜெனால் அக்ரிலிக்கின் உள்பக்கத்தை இளக்கும். பின்னால் ரீலைன் செய்தாலும் காம்போசிட் வைத்து ஒட்டினாலும் அது இறுகவும் விடாது.

#15 கடைவாய்

யூஜெனால் இல்லாததுதான் சார். நல்ல வேளை.

நேற்று பழுதுபார்த்த பிரிட்ஜ் மறுபடி அதே இடத்தில் விட்டுவிட்டது. ஆறே நாள். இந்த முறை துண்டுகளைச் சுத்தம் செய்து லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) வைத்துப் பார்த்தேன். முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும், அவசரத்தில் ஒட்டிவிட்டேன். காம்போசிட் ஒரு பக்கத்திலிருந்து உரிந்திருந்ததால் பழைய உடைமுகம் அப்படியே தெரிந்தது. ஈறுப் பக்க விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளே ஒரு குமிழ், குண்டூசித் தலையில் பாதி இருக்கும். அதைச் சுற்றி விசிறி மாதிரி கோடுகள் விரிந்து மேலே போகின்றன. குமிழுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய பள்ளம். அது நான் பல் தனித்தனியாகத் தெரியட்டும் என்று வைர டிஸ்க் வைத்துக் கீறியது. சரியாகச் சொன்னால், நானே "இங்கே கிழிக்கவும்" என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

குமிழ் எப்படி வந்தது என்றும் ஞாபகம் வருகிறது. நிரப்பும்போது முனையை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டேன்.

#16 பாதிடாக்டர்

அந்த விசிறிக் கோடுகள் குவியும் இடம்தான் விரிசல் பிறந்த இடம் சார். படம் எடுத்து வையுங்கள். கட்டுரைகளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடுவதை நீங்கள் லூப்பிலேயே பிடித்துவிட்டீர்கள்.

மில்லிங்குக்குச் சாதகமாக இன்னொன்றும் தோன்றுகிறது. 1 மில்லிமீட்டர் பர் தன் வட்டத்தைவிடக் கூர்மையாக ஒரு மூலையைக் குடைய முடியாது. அதனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தானாகவே மழுங்கிய வளைவு கிடைக்கிறது. அழகுக்கு என்று அதற்கு மேல் டிஸ்க் எடுக்காமல் இருக்க வேண்டும்.

#17 மெழுகுக்கத்தி

டிஸ்க்கை ஒளித்து வைத்துவிடுங்கள் டாக்டர் :)

மேல்பல் இறங்கியிருக்கிறது என்றீர்களே, அதில் ஒரு அரை மில்லிமீட்டர் தேய்க்க நோயாளி சம்மதிப்பாரா? எனாமலுக்குள்ளேயே நிற்கும். ஈறுப் பக்கம் நாக்குப் புறத்தை மூடிவிட்டு கன்னப் பக்கம் மட்டும் வழி விட்டால் பிரஷும் போகும், உயரம் 4 கிடைக்கும்.

#18 லேயர்பைத்தியம்

சரி, இந்தக் கேஸுக்கு மில்லிங்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பற்களில் மூன்று வாரத்துக்கு ஒன்றிரண்டு யூனிட் என்றால் நான் பிரிண்டை விடமாட்டேன்.

#19 பழையகை

அதற்கு யாரும் உங்களைத் தடுக்கவில்லை. முன்பல்லில் விழும் பலமும் கடைவாயில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குதானே.

#20 கடைவாய்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். மில் செய்த அக்ரிலிக், நான்கு யூனிட். மேல்பல்லில் கொஞ்சம் தேய்த்தோம், இணைப்பு உயரம் 4.1, அகலம் 3.6. ஒருமுறை முன்தாங்குபல்லில் சிமென்ட் கரைந்து ஆடியது, கழற்றி மறுபடி ஒட்டினேன். கழற்றியபோது இணைப்பின் அடியை லூப்பில் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை, கன்னப் பக்கம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஈறு நன்றாக வந்திருக்கிறது. இன்னும் ஐந்து வாரம் ஓட வேண்டும்.

#21 பாதிடாக்டர்

அருமை சார். அந்தப் பழைய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? ஜூனியர்களுக்குக் காட்டக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

#22 கடைவாய்

இருக்கிறது தம்பி, மேஜை மேல் மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு. டிஸ்க்கையும் சேர்த்து அனுப்பி வைக்கட்டுமா?